பார்வையற்றோருக்கான இயங்குதளத் தேர்வு

பார்வையற்றோருக்கான இயங்குதளத் தேர்வு என்பது பார்வையற்ற அல்லது பார்வை மிகக் குறைந்த ஒருவர் தமது கணினிக்கு எந்த இயங்குதளம் பொருந்தும் என்று முடிவு செய்வதைக் குறிக்கும். பார்வையுள்ள பயனர் இயங்குதளத்தைத் தேரும்போது விலை, தோற்றம், பழக்கம், விளையாட்டுகள் முதலியவற்றைக் கருதுவார். பார்வையற்ற பயனருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு கேள்வி உள்ளது. திரையில் தோன்றுவது காதுக்கு எட்டுமா, அல்லது விரலுக்கு எட்டுமா என்பதே அக்கேள்வி. அதற்கு விடை இல்லாத கணினி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் அவருக்குப் பயன்படாது.

திரையில் உள்ளதைப் பேச்சாகவோ பிரெயில் புள்ளிகளாகவோ மாற்றித் தரும் மென்பொருள் திரைவாசிப்பான் எனப்படும். எந்த இயங்குதளத்துக்கு எந்தத் திரைவாசிப்பான் கிடைக்கிறது, அது எவ்வளவு நன்றாக இயங்குகிறது, தமிழைப் படிக்கிறதா, பிறர் உதவியின்றி நிறுவ முடிகிறதா ஆகியவை இத்தேர்வின் முதன்மைக் காரணிகள் ஆகும். 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உடையோர் சுமார் 50.3 இலட்சம் பேர். தமிழ்நாட்டில் இவ்வெண்ணிக்கை சுமார் 1.27 இலட்சம் ஆகும்.

சொல்வழக்கு

தமிழ்நாட்டில் பார்வையற்றோர், பார்வை மாற்றுத்திறனாளிகள் ஆகிய சொற்களும், இலங்கையில் விழிப்புலனற்றோர் என்ற சொல்லும் வழங்குகின்றன. திரைவாசிப்பானைப் பயனர்கள் பேச்சுவழக்கில் ஸ்கிரீன் ரீடர் என்றே குறிப்பிடுவர். குறைபாடு உடையோரும் ஒரு மென்பொருளையோ இணையப் பக்கத்தையோ பயன்படுத்த இயலும் தன்மை அணுகல்தன்மை அல்லது அணுக்கம் எனப்படுகிறது.

திரைவாசிப்பான் இயங்கும் முறை

திரைவாசிப்பான் திரையைப் படம் பிடித்துப் படிப்பதாகப் பலர் எண்ணுவதுண்டு. பெரும்பாலும் அது அவ்வாறு இயங்குவதில்லை. பொத்தான், பட்டியல், உரைப்பெட்டி போன்ற ஒவ்வோர் உறுப்பையும் பற்றி அதன் பெயர், வகை, நிலை ஆகிய விவரங்களைச் செயலி இயங்குதளத்திடம் அறிவிக்க வேண்டும். இந்த அறிவிப்புக்கான பொது ஏற்பாடு அணுகல்தன்மை இடைமுகம் எனப்படும். திரைவாசிப்பான் அவ்விடைமுகத்தைக் கேட்டு, "சேமி, பொத்தான்" என்பது போன்ற தொடரை உருவாக்கிப் பேச்சொலியாக்கிக்கு அனுப்புகிறது. பேச்சொலியாக்கி அதை ஒலியாக மாற்றுகிறது.

ஆகவே பார்வையற்ற பயனர் கேட்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் நான்கு படிகள் உள்ளன:

1. செயலி தன் உறுப்புகளுக்குச் சரியான பெயரிட்டிருக்க வேண்டும்.
2. இயங்குதளம் அப்பெயரைக் கடத்தும் இடைமுகத்தைக் கொண்டிருக்க வேண்டும்.
3. திரைவாசிப்பான் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.
4. பேச்சொலியாக்கி அம்மொழியை அறிந்திருக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று அறுந்தாலும் பயனருக்குக் கிடைப்பது மௌனமே. படத்தாலான பொத்தானுக்கு நிரலாளர் பெயரிடாமல் விட்டால் திரைவாசிப்பான் வெறுமனே "பொத்தான்" என்று மட்டும் சொல்லும். அது பணம் அனுப்பும் பொத்தானா, நீக்கும் பொத்தானா என்று அறிய வழியில்லை.

விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இந்த இடைமுகங்கள் வெவ்வேறானவை. ஒரே செயலி ஓர் இயங்குதளத்தில் நன்றாகப் பேசி, மற்றொன்றில் ஊமையாக இருப்பதற்கு இதுவே காரணம்.

வரலாறு

கட்டளை வரிக் காலம்

1980களின் கணினிகளில் திரை முழுவதும் எழுத்துகளே இருந்தன. நினைவகத்தில் இருந்த அவ்வெழுத்துகளை நேரடியாக எடுத்துப் பேசவைப்பது ஒப்பீட்டளவில் எளிதாக இருந்தது. ஐபிஎம் நிறுவனத்தில் ஜிம் தாட்சர் டாஸ் இயங்குதளத்துக்கான திரைவாசிப்பானை இக்காலத்தில் உருவாக்கினார். விபத்தொன்றில் பார்வையை இழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டர் 1987 இல் நிறுவிய ஹென்டர்-ஜாய்ஸ் நிறுவனம், 1989 இல் டாஸ் இயங்குதளத்துக்கான ஜாஸ் மென்பொருளை வெளியிட்டது.

வரைகலை இடைமுகத்தின் வருகை

சுட்டியும் சாளரங்களும் கொண்ட வரைகலைப் பயனர் இடைமுகம் பரவியபோது பார்வையற்ற பயனர்கள் பெரும் நெருக்கடிக்கு உள்ளாயினர். எழுத்துகள் நினைவகத்தில் எழுத்துகளாக இல்லாமல் படப்புள்ளிகளாக மாறின. டாஸில் வேலை செய்துவந்தோர் அலுவலகங்கள் விண்டோஸுக்கு மாறியபோது வேலையை இழக்கும் நிலை ஏற்பட்டது. மெக்கின்டாஷ் கணினிக்காக 1989 இல் வெளிவந்த அவுட்ஸ்போக்கன் வரைகலை இடைமுகத்துக்கான முதல் திரைவாசிப்பான் ஆகும். விண்டோஸுக்கான ஜாஸ் 1995 இல் வெளியானது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 1997 இல் தன் முதல் அணுகல்தன்மை இடைமுகத்தை அளித்தது.

இதே காலத்தில் வேறொரு பாதையும் தோன்றியது. இந்தியாவில் பிறந்து, பதினான்காம் வயதில் பார்வையை இழந்து, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற டி. வி. ராமன் 1994 இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கணிதக் கட்டுரைகளை ஒலிவடிவில் வழங்கும் முறைமையே அவரது ஆய்வு. 1995 இல் அவர் ஈமாக்ஸ்பீக் என்ற கட்டற்ற மென்பொருளை வெளியிட்டார். ஈமாக்ஸ் தொகுப்பானுக்குள்ளேயே மின்னஞ்சல், நிரலாக்கம், இணைய உலாவல் அனைத்தையும் பேச்சின் வழியே செய்ய இது உதவியது. திரையைப் படிப்பதற்குப் பதிலாகச் செயலியே நேரடியாகப் பேச வேண்டும் என்பது இதன் அடிப்படைக் கருத்தாகும்.

கட்டற்ற, உள்ளமைந்த திரைவாசிப்பான்கள்

2000 ஆம் ஆண்டுவரை திரைவாசிப்பான் என்பது கணினியின் விலைக்கு நிகரான, சில வேளைகளில் அதையும் மிஞ்சிய விலையில் தனியே வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. பின்வரும் நிகழ்வுகள் அந்நிலையை மாற்றின.

- 2000: விண்டோஸ் 2000 பதிப்பில் நரேட்டர் என்னும் எளிய திரைவாசிப்பான் சேர்க்கப்பட்டது.
- 2005: மாக் ஓஎஸ் எக்ஸ் 10.4 பதிப்பில் வாய்ஸ்ஓவர் இயங்குதளத்தின் உறுப்பாகவே வெளிவந்தது.
- 2006: ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர் மைக்கேல் குர்ரன் என்விடிஏ திரைவாசிப்பானைத் தொடங்கினார். மற்றொரு பார்வையற்ற நிரலாளரான ஜேம்ஸ் தே அவருடன் இணைந்தார். இதனை வளர்க்கும் என்வி ஆக்சஸ் அமைப்பு 2007 இல் நிறுவப்பட்டது.
- 2006: லினக்ஸ் கணினிகளுக்கான குநோம் பணிச்சூழலின் 2.16 பதிப்பில் ஓர்கா திரைவாசிப்பான் இடம்பெற்றது.
- 2009: ஐபோன் 3ஜிஎஸ் கைப்பேசியில் வாய்ஸ்ஓவரும், ஆண்ட்ராய்டு 1.6 பதிப்பில் டாக்பேக்கும் வந்தன.

முதன்மை இயங்குதளங்கள்

விண்டோஸ்

பார்வையற்ற பயனர்களிடையே மிகப் பரவலாக வழங்குவது விண்டோஸ் ஆகும். இதற்கு மூன்று திரைவாசிப்பான்கள் குறிப்பிடத்தக்கவை.

ஜாஸ் ஒரு வணிக மென்பொருள். அலுவலகச் செயலிகளுடன் இணங்கி இயங்குவதிலும், செயலிக்கேற்ப எழுத்தாணைகள் அமைப்பதிலும் நீண்ட அனுபவம் உடையது. பணியிடங்களில் நிறுவனமே உரிமம் வாங்கித் தரும்போது இது பெரிதும் பயன்படுகிறது. தனிநபருக்கு அதன் விலை சுமையாகும்.

என்விடிஏ குனூ பொது உரிமத்தில் வெளியிடப்படும் கட்டற்ற மென்பொருள். பெரும்பகுதி பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. இதன் இடைமுகம் தமிழ் உட்பட 50க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. இதனைக் கணினியில் நிறுவாமலேயே விரலியில் எடுத்துச் சென்று இயக்கலாம். கல்லூரி ஆய்வகம், நூலகம், இணைய மையம் ஆகிய இடங்களில் பிறர் கணினியைப் பயன்படுத்த நேரும் மாணவருக்கு இது பெரும் வசதியாகும்.

நரேட்டர் விண்டோஸுடன் வருவது. தொடக்கத்தில் மிக எளிய கருவியாக இருந்தது; விண்டோஸ் 10 வந்தபின் கணிசமாக மேம்பட்டது. விண்டோஸ், கண்ட்ரோல், என்டர் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் இது பேசத் தொடங்கும். பிற திரைவாசிப்பானை நிறுவும்வரை கைகொடுக்கும் துணையாகப் பலர் இதனைக் கருதுகின்றனர்.

வெப்எய்ம் அமைப்பு 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் நடத்திய கணிப்பில், முதன்மைத் திரைவாசிப்பானாக ஜாஸைக் குறிப்பிட்டோர் 40.5 விழுக்காட்டினர், என்விடிஏவைக் குறிப்பிட்டோர் 37.7 விழுக்காட்டினர், வாய்ஸ்ஓவரைக் குறிப்பிட்டோர் 9.7 விழுக்காட்டினர். இது தாமாக முன்வந்து விடையளித்தோரின் கணிப்பு என்பதால் இந்திய நிலையை அப்படியே காட்டுவதாகக் கொள்ள இயலாது.

குனூ/லினக்ஸ்

லினக்ஸில் வரைகலைச் சூழலுக்கு ஓர்காவும், எழுத்துமுனையத்துக்கு ஸ்பீக்கப்பும், பிரெயில் கருவிகளுக்கு பிஆர்எல்டிடிஒய் மென்பொருளும் பயன்படுகின்றன. இயங்குதளம் முதல் குரல்வரை அனைத்தும் கட்டணமின்றியும் மாற்றி அமைக்கும் உரிமையுடனும் கிடைப்பது இதன் முதன்மைச் சிறப்பு. பழைய, நினைவகம் குறைந்த கணினிகளிலும் மேட் போன்ற எளிய பணிச்சூழலுடன் இதனை இயக்கலாம். கட்டளை வரியில் எல்லாமே எழுத்தாக இருப்பதால் நிரலாளர்களுக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது.

இதன் குறைகளும் கருதத்தக்கவை. அலுவலகங்களில் பயன்படும் சில செயலிகள் லினக்ஸில் இல்லை. பணிச்சூழலுக்குப் பணிச்சூழல் அணுகல்தன்மை வேறுபடுகிறது. வரைகலையின் அடித்தளம் எக்ஸ் என்ற பழைய முறையிலிருந்து வேலண்ட் என்ற புதிய முறைக்கு மாறியபோது ஓர்காவின் விசைக் கட்டளைகள் பல சிக்கல்களைச் சந்தித்தன. பதிப்பு மாறும்போது ஒலி நின்றுபோனால் அதனைச் சரிசெய்யும் வழியையும் பயனர் அறிந்திருப்பது நல்லது.

பார்வையற்றோருக்கெனவே சில வழங்கல்கள் உருவாக்கப்பட்டன. கிளவுஸ் நாப்பர் தம் மனைவியின் பெயரால் நாப்பிக்ஸ் வழங்கலில் சேர்த்த ஏட்ரியன் சூழல், வினக்ஸ், சோனார் ஆகியவை இவற்றுள் அடங்கும். கேரளத்தில் உருவான ஆக்சசிபிள் கோகோனட், உபுண்டு மேட்டை அடிப்படையாகக் கொண்டது. ஆறு விசைகளால் பிரெயில் முறையில் இந்திய மொழிகளைத் தட்டச்சும் ஐபஸ் பிரெயில், அச்சு நூல்களை எழுத்துணரி வழியாகப் படிக்கும் லியோஸ் ஆகிய மென்பொருள்களுக்கும் கேரளமே பிறப்பிடம்.

தனி வழங்கல்களில் ஓர் இடர் உண்டு. ஓரிரு தன்னார்வலரை நம்பி நடப்பவை அவர்கள் விலகியதும் நின்றுவிடும். வினக்ஸும் சோனாரும் அவ்வாறே நின்றுபோயின. இதனால் டெபியன், உபுண்டு போன்ற பொது வழங்கல்களின் அணுகல்தன்மையையே மேம்படுத்த வேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

மாக் ஓஎஸ்

ஆப்பிள் கணினிகளில் வாய்ஸ்ஓவர் உள்ளமைந்தே வருகிறது. கட்டளை விசையையும் எப்5 விசையையும் சேர்த்து அழுத்தினால் அது பேசும். புதிய கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்த முதல் நிமிடத்திலிருந்தே பயன்படுத்தலாம். கணினியின் விலையே இங்குப் பெரிய தடை. திரைவாசிப்பானில் மனநிறைவு இல்லையெனில் அதற்கு மாற்றாக வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் ஏறத்தாழ இல்லை.

குரோம் ஓஎஸ்

குரோம்புக் மடிக்கணினிகளில் குரோம்வாக்ஸ் என்ற திரைவாசிப்பான் உள்ளது. இணைய உலாவி, மின்னஞ்சல், ஆவணம் எழுதுதல் ஆகியவற்றோடு தேவை முடிந்துவிடும் பயனருக்கு இது போதுமானதாக அமையலாம். இணைய இணைப்பு இல்லாத இடங்களில் இதன் பயன் குறைகிறது.

கைப்பேசி இயங்குதளங்கள்

ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் உள்ளன. திரையில் விரலை நகர்த்தும்போது விரலடியில் உள்ள உறுப்பின் பெயரைக் கேட்டு, இருமுறை தட்டி அதனை இயக்குவது இவற்றின் பொதுமுறை. செய்தி, வங்கிச் செயலி, பணத்தாளை இனங்காணுதல் ஆகியவற்றுக்குக் கைப்பேசி போதும். நீண்ட ஆவணம் எழுதவும், விரிதாள் கையாளவும், நிரல் எழுதவும் விசைப்பலகையுள்ள கணினியே ஏற்றது.

தமிழ் ஆதரவு

ஆங்கிலத்தில் மட்டும் பணிபுரியும் பயனருக்கு எல்லா இயங்குதளங்களும் ஏறக்குறைய ஒன்றே. தமிழில் படிக்கவும் எழுதவும் விரும்புவோருக்கு வேறுபாடுகள் கூர்மையாகின்றன.

பேச்சொலி

ஜோனத்தன் டடிங்டன் உருவாக்கிய ஈஸ்பீக் என்னும் கட்டற்ற பேச்சொலியாக்கி தமிழைப் படிக்கும். 2015 முதல் இது ஈஸ்பீக் என்ஜி என்ற பெயரில் தொடர்கிறது. என்விடிஏ, ஓர்கா இரண்டுடனும் இது இயங்கும். மனிதக் குரலின் பதிவைப் பயன்படுத்தாமல் ஒலிகளைக் கணக்கிட்டு உருவாக்குவதால் இதன் குரல் இயந்திரத்தனமாகத் தோன்றும். ஆயினும் மிக வேகமாகப் படிக்கும்போதும் சொற்கள் சிதைவதில்லை. கோப்பின் அளவும் மிகச் சிறியது. பழகிய பயனர்கள் பலர் இயல்பான குரலைவிட இதனை விரும்புவதுண்டு.

விண்டோஸ் 10 முதல் வள்ளுவர் என்ற பெயரில் மைக்ரோசாப்டின் தமிழ்க் குரல் கிடைக்கிறது. இதனை நரேட்டரிலும் என்விடிஏவிலும் பயன்படுத்தலாம். ஆண்ட்ராய்டில் கூகுளின் தமிழ்க் குரல் உண்டு. ஆப்பிள் கருவிகளிலும் தமிழ்க் குரல் உண்டு. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம், சென்னையை அடுத்த எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி ஆகியவை தமிழ்ப் பேச்சொலியாக்க ஆய்வில் ஈடுபட்டவை ஆகும்.

எழுத்துருக் குறிமுறை

தமிழ் ஆவணங்களில் பார்வையற்ற பயனர் எதிர்கொள்ளும் மிகப் பெரிய தடை இயங்குதளத்துக்கு வெளியே உள்ளது. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணங்கள் ஏராளம். இவற்றில் கணினி சேமிப்பது தமிழ் எழுத்துகளை அல்ல. இலத்தீன் எழுத்துகளும் பிற குறிகளுமே சேமிக்கப்படுகின்றன. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது.

எடுத்துக்காட்டாக, "தமிழ்" என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ ஆகிய நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் சேமிக்கப்படுகிறது. கண்ணுக்குத் தெரிவது தமிழ். திரைவாசிப்பான் படிப்பதோ "ஜே கே பி ஓ அரைப்புள்ளி". எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தாலும், எவ்வளவு விலையுள்ள திரைவாசிப்பானை வாங்கினாலும், இவ்வாவணம் நேரடியாகப் படிக்கப்படாது. முதலில் குறிமுறை மாற்றியில் இட்டு ஒருங்குறிக்கு மாற்றவேண்டும். 2010 ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தமிழுக்கான தரமாக அறிவித்தது. பழைய குறிமுறையில் அமைந்த வினாத்தாள்களும் பாடக்குறிப்புகளும் மாணவர் கைக்கு வரும்வரை இச்சிக்கல் தீராது.

நூலை வருடியெடுத்த பட வடிவக் கோப்புகளுக்கும் இதுவே நிலை. அவற்றைப் படிக்க எழுத்துணரி தேவை. டெசராக்ட் என்ற கட்டற்ற எழுத்துணரி தமிழை ஆதரிக்கிறது. அதனை விண்டோஸிலும் லினக்ஸிலும் பயன்படுத்தலாம்.

உள்ளீடு

பார்வையற்றோர் விசைப்பலகையைப் பார்க்காமல் தட்டச்சு செய்பவர்கள் என்பதால் விசைகளின் அமைப்பு சீரானதாக இருப்பது இன்றியமையாதது. 1999 இல் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்கள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. இதனால் மனத்தில் இருத்துவது எளிது. விண்டோஸில் இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்ற செயலிகளாலும், லினக்ஸில் ஐபஸ் வழியாகவும் இதனைப் பெறலாம்.

பிரெயில்

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் முறை 1951 இல் ஏற்கப்பட்டது. லிப்லூயிஸ் என்னும் கட்டற்ற நிரலகம் தமிழுக்கான பிரெயில் அட்டவணையைக் கொண்டுள்ளது. என்விடிஏ, ஓர்கா இரண்டும் இதனைப் பயன்படுத்துவதால், பிரெயில் காட்டி வைத்திருப்பவர் தமிழை விரலால் படிக்கலாம். எழுத்துப்பிழையின்றி எழுதப் பழகுவதற்குப் பேச்சைவிடப் பிரெயிலே சிறந்தது. ல, ள, ழ வேறுபாடும் ந, ன, ண வேறுபாடும் செயற்கைக் குரலில் எப்போதும் தெளிவாகப் பிரிந்து ஒலிப்பதில்லை.

பிறர் உதவியின்றி நிறுவுதல்

இயங்குதளத்தைப் பயன்படுத்துவது வேறு. அதனை நிறுவுவது வேறு. கணினி பழுதாகி மீண்டும் நிறுவ வேண்டிய நேரத்தில் திரை பேசாவிட்டால், பார்வையுள்ள ஒருவர் வரும்வரை பயனர் காத்திருக்க வேண்டும். கடவுச்சொல்லையும் அவரிடம் சொல்ல நேரிடும். ஆகவே நிறுவலின்போதே பேச்சு கிடைப்பது தன்னாட்சிக்கு அடையாளமாகக் கருதப்படுகிறது.

டெபியன் 2011 இல் வெளியிட்ட 6.0 பதிப்பிலிருந்து நிறுவியிலேயே பேச்சொலியை அளிக்கிறது. கணினி தொடங்கி ஒலி எழுப்பியதும் எஸ் விசையையும் என்டர் விசையையும் அழுத்தினால் நிறுவல் முழுதும் பேச்சின் வழியே நடைபெறும். உபுண்டு மேட் போன்ற வழங்கல்களில் நிகழ்வட்டைத் தொடங்கி ஓர்காவை இயக்கி நிறுவலாம். விண்டோஸ் 10இன் 2017 பதிப்புகளிலிருந்து நிறுவலின்போது நரேட்டரை இயக்கலாம். கணினியின் ஒலி வன்பொருளுக்குரிய இயக்கி கிடைப்பதைப் பொறுத்து இது அமையும். ஆனால் இயங்குதளம் ஏறுவதற்கு முன் தோன்றும் பயாஸ் திரை பெரும்பாலான கணினிகளில் இன்னமும் பேசுவதில்லை. எந்தச் சாதனத்திலிருந்து தொடங்குவது என்னும் அமைப்பை மாற்ற மட்டும் பிறர் உதவி தேவைப்படலாம்.

தேர்வுக் காரணிகள்

இயங்குதளத்தைத் தேரும் முன் பின்வருவனவற்றைக் கருதுவது பயன் தரும்.

- பணி: படிப்புக்கோ வேலைக்கோ கட்டாயமான செயலி எது, அது எந்த இயங்குதளத்தில் பேசுகிறது என்பது முதலில் அறியப்பட வேண்டும். வேலைவாய்ப்பை நோக்கும் மாணவருக்கு விண்டோஸ் பயிற்சி பெரும்பாலும் தவிர்க்க இயலாதது.
- கையிலுள்ள கணினி: விண்டோஸ் 11 இயங்க 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், டிபிஎம் 2.0 ஆகியவை தேவை. பழைய கணினியில் திரைவாசிப்பான் தாமதமாகப் பேசினால் வேலை நடவாது.
- ஆதரவுக் காலம்: இயங்குதளத்தின் காலம் முடிந்தால் திரைவாசிப்பானும் அதனைக் கைவிடும். என்விடிஏ 2017.3 பதிப்பே விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்கும் இறுதிப் பதிப்பு. விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கு 2023.3 வரிசை இறுதியானது.
- மொழி: தமிழ்க் குரல் இணைய இணைப்பின்றி இயங்குமா என்பது சோதிக்கப்பட வேண்டும்.
- உதவி: அதே இயங்குதளத்தைப் பயன்படுத்தும் பார்வையற்ற நண்பரோ ஆசிரியரோ இருப்பது எந்த வசதியையும்விட மதிப்பு மிக்கது. விசைக் கட்டளைகளை முதலில் கற்பது பெரும்பாலும் கேள்வி வழியே ஆகும்.
- சோதனை: என்விடிஏவை விரலியிலும், லினக்ஸை நிகழ்வட்டிலும் இயக்கிப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். கணினியில் உள்ள கோப்புகள் எதுவும் இதனால் மாறுவதில்லை.

இரண்டு இயங்குதளங்களை ஒரே கணினியில் வைத்துக்கொள்வோரும் உண்டு. ஒன்றில் பேச்சு நின்றாலும் மற்றொன்றில் நுழைந்து கோப்புகளை மீட்கலாம் என்பது இதன் நன்மை.

தேனி மாவட்டச் சூழல்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், முல்லைப் பெரியாற்றை ஒட்டி அமைந்த ஊர் உத்தமபாளையம். 1956 இல் தொடங்கப்பட்ட ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி இங்கு உள்ளது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 1985 முதல் இயங்குகிறது. பார்வையற்றோருக்கான கல்வி, பயிற்சி நிறுவனங்களில் அருகில் உள்ளவை சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள மதுரையில் அமைந்துள்ளன. மதுரை சுந்தரராஜன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இவற்றுள் குறிப்பிடத்தக்கது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப்பிரிவு உண்டு.

இத்தகைய ஊரில் வாழும் பயனருக்குத் தேர்வு என்பது பெரும்பாலும் கையில் உள்ள கணினியிலிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்டது. அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் இதனால் பயன்பெற்றனர். இத்திட்டக் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் 2007 இல் வெளியிட்ட, டெபியனை அடிப்படையாகக் கொண்ட இந்திய வழங்கல் ஆகும்.

விண்டோஸ் 7இன் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1இன் ஆதரவு 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் நிறைவடைந்தன. எனவே அக்காலத்தில் பெற்ற மடிக்கணினியை இன்னும் வைத்திருப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன. பழைய விண்டோஸில் பழைய என்விடிஏவுடன் தொடர்வது முதல் வழி. இதில் பேச்சு கிடைக்கும். ஆனால் புதிய உலாவிகள் இயங்காமல் போவதால் அரசு, வங்கி இணையதளங்கள் படிப்படியாக எட்டாமற்போகும். பாதுகாப்பும் குறையும். ஓர்காவுடன் கூடிய லினக்ஸுக்கு மாறுவது இரண்டாம் வழி. கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆயினும் புதிய விசைக் கட்டளைகளைக் கற்கவேண்டும். புதிய கணினி வாங்குவது மூன்றாம் வழி. ஈஸ்பீக் குரல் இரண்டு இயங்குதளங்களிலும் ஒன்றே என்பதால், முதல் வழியிலிருந்து இரண்டாம் வழிக்குச் செல்பவர் காதுக்குப் பழகிய தமிழை இழப்பதில்லை.

கம்பம் வழியாகக் குமுளி சென்றால் கேரள எல்லை. அம்மாநிலத்தில் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் மூலம் அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. பார்வையற்றோருக்கான லினக்ஸ் மென்பொருள்கள் பல அங்கு உருவாவதற்கு இச்சூழலும் துணைநின்றது எனலாம். அம்மென்பொருள்கள் பலவும் தமிழையும் ஆதரிப்பவை.

சட்டப் பின்னணி

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது. அதன் 9 ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையையும் உள்ளடக்கியது. இதன் தொடர்ச்சியாக வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 42 ஆம் பிரிவு மின்னணு ஊடகங்கள் அணுகத்தக்கவையாக இருப்பதை உறுதிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது.

2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல்தன்மைத் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் சட்டத்துக்கு முரணானது என்றும், கட்டாய விதிகள் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று வழங்கிய மற்றொரு தீர்ப்பில், எண்ணிம அணுகல் அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று அந்நீதிமன்றம் கூறியது. வங்கிக் கணக்குக்கான எண்ணிம அடையாளச் சரிபார்ப்பில் கண் இமைத்துக் காட்டுமாறு கேட்பது போன்ற தடைகள் இவ்வழக்கில் எழுப்பப்பட்டன. திரைவாசிப்பான் எவ்வளவு சிறந்ததாயினும் இத்தகைய தடையை அதனால் நீக்க முடியாது என்பது குறிப்பிடத்தக்கது.

கருத்து வேறுபாடுகள்

வணிகத் திரைவாசிப்பானா, கட்டற்ற திரைவாசிப்பானா என்பது பயனர்களிடையே நெடுநாளாக நிலவும் விவாதம். வணிக நிறுவனத்திடம் பொறுப்பும் பயிற்சி நூல்களும் உள்ளன என்று ஒரு சாரார் கூறுவர். நிறுவனம் கைவிட்டால் பயனர் தனித்துவிடப்படுவார் என்பது மறுசாராரின் வாதம். ஜாஸுக்குப் போட்டியாக நெடுங்காலம் விளங்கிய விண்டோ-ஐஸ் என்ற வணிகத் திரைவாசிப்பானின் விற்பனை 2017 இல் நிறுத்தப்பட்டதை அவர்கள் சான்றாகக் காட்டுவர். கட்டற்ற மென்பொருளின் மூலநிரல் பொதுவில் இருப்பதால் பிறர் அதனைத் தொடர இயலும். ஈஸ்பீக் நின்றபோது ஈஸ்பீக் என்ஜி தோன்றியது இதற்கு எடுத்துக்காட்டு.

உள்ளமைந்த திரைவாசிப்பானே போதும் என்னும் கருத்துக்கும் மறுப்பு உண்டு. இயங்குதளத்தை உருவாக்கும் நிறுவனமே திரைவாசிப்பானையும் அளித்தால் புதிய பதிப்புகளில் பேச்சு முறியாது என்பது அதன் நன்மை. என்விடிஏ, ஈமாக்ஸ்பீக் போன்றவற்றைத் தம் அன்றாடத் தேவைக்காகப் பார்வையற்ற நிரலாளர்களே எழுதியதால், பயன்பாட்டின் நுணுக்கங்கள் அவற்றில் முன்னரே இடம்பெற்றன என்பது மற்றோர் தரப்பின் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

- திரைவாசிப்பான்
- பேச்சொலியாக்கம்
- பாரதி பிரெயில்
- கட்டற்ற மென்பொருள்
- தமிழ் ஒருங்குறி
- தமிழ்99
- உத்தமபாளையம்